பால் பைத்தானின் கார்ப் பயணம்: கண்ணாடித் தொட்டியா, பருத்திப் பையா?

பால் பைத்தான் (ball python) எனப்படும், பந்துபோலச் சுருளும் வளர்ப்பு மலைப்பாம்பைக் காரில் நெடுந்தொலைவு கொண்டுசெல்வோர், வீட்டுக் கண்ணாடித் தொட்டியோடு ஏற்றுவதா, பருத்திப் பையில் இட்டுக் காற்றுத் துளைகளுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் வைப்பதா என்று தயங்குகிறார்கள். பழகிய இடம் என்பதே தொட்டியின் ஒரே அனுகூலம். திடீரென பிரேக் பிடித்தால் தண்ணீர்க் கிண்ணமும் கற்களும் உருண்டு பாம்பை நசுக்கக்கூடும், கண்ணாடியும் உடையலாம், வெயில் பட்டால் உள்ளே சூடு விரைவில் ஏறிவிடும்.

பையைத்தான் நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். வளைகளில் பதுங்கி வாழும் இந்த இனம் இருட்டான, குறுகலான இடத்தையே இயல்பாக நாடுவதால், பைக்குள் சுருண்டு பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். தையலின் பிசிறுகள் பாம்பின் மேல் படாதவாறு பையைத் திருப்பி, வாயை முறுக்கி முடிச்சிட்டு, பெட்டியைச் சீட் பெல்ட்டால் கட்டி, உள்ளே சுமார் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை நிலவுகிறதா என்று சிறு வெப்பமானியால் கவனிக்க வேண்டும். ஈரமான துணியில் காற்றோட்டம் குறையும் என்பதால் மாற்றுப் பை அவசியம்.

எந்த முறையிலும், அண்மையில் இரை விழுங்கிய பாம்பை ஏற்றக் கூடாது, அது கக்கிவிடக்கூடும். நிறுத்திய காரில் சிறிது நேரம்கூடத் தனியே விடவும் கூடாது.