"நெட்வொர்க் போர்டு போச்சு" என்று சொன்னால் நம்பிடாதீங்க (பெங்களூர் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் கவனத்துக்கு)

அல்சூரில் எங்கள் கடைக்கு வந்த சர்வீஸ் ஆள், பிரிண்ட் வராமல் நின்றுபோன லினக்ஸ் சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் பார்த்தார். "நெட்வொர்க் போர்டு போச்சு, 3,800 ஆகும், பிரிண்டரை எடுத்துட்டுப் போறேன்" என்றார். விசிட் சார்ஜ் 500 தனி. பில் கேட்டால் கிடையாது. போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இதை நீங்களே பிடிக்கலாம். பிரிண்டர் பேனலிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அடிச்சு எடுங்க. அதில் 192.168.1.14 மாதிரி ஒரு ஐபி எண் இருக்கும். டெர்மினலில் "ping 192.168.1.14" என்று உங்கள் எண்ணைப் போட்டு பிங் அடிங்க, அதாவது பிரிண்டர் பதில் சொல்லுதான்னு கூப்பிட்டுப் பாருங்க. பதில் வந்தால் போர்டு உயிரோடுதான் இருக்கு. எரிஞ்ச போர்டு பிங்குக்குப் பதில் சொல்லாது. அடுத்து "எல்பிஸ்டாட் -வி" (lpstat -v) கொடுத்தால், கப்ஸ் (லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்க்கும் மென்பொருள், CUPS) எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று தெரியும். அங்கே 192.168.1.7 என்று பழைய எண் இருந்தால் கோளாறு அதுதான். போனில் பிரிண்ட் வருது, லினக்ஸில் மட்டும் வரலை என்பதும் இதே அறிகுறிதான்: போன் ஒவ்வொரு தடவையும் பிரிண்டரைத் தேடிப் பிடிக்கும், லினக்ஸில் கையால் எண் கொடுத்துச் சேர்த்த பிரிண்டர் க்யூ (பிரிண்ட் வரிசை) பழைய எண்ணையே கட்டிக்கொண்டு அழும்.

பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்ற கப்ஸ் பக்கத்தைத் திறந்து, "மாடிஃபை பிரிண்டர்" போய் முகவரியை மாத்துங்க. மாத்தியும் வரலையா? க்யூ "பாஸ்ட்" (Paused, நிறுத்தி வைத்த) நிலையில் நின்றிருக்கும். "ரெஸ்யூம் பிரிண்டர்" அழுத்தணும். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழந்து சர்வீஸுக்குப் போன் போடுகிறார்கள்.

ஐபியை மட்டும் மாத்திவிட்டுக் காசு வாங்கிப் போகும் ஆட்களிடம் இன்னும் உஷார். அடுத்த கரண்ட் கட்டில் அதே கதை, மறுபடி 500. சிலர் பிரிண்டரிலேயே ஸ்டேட்டிக் ஐபி (மாறாத எண்) போடுவார்கள். அது ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் எண் வரிசைக்குள் விழுந்தால், ஒருநாள் யாரோ ஒருவர் போனுக்கும் அதே எண் போகும். அப்புறம் பிரிண்ட் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. சரியான வழி, ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி எண் பங்கிடும், DHCP) பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (சாதனத்தின் அடையாள எண், MAC) ஒரு ஐபி எண்ணை ரிசர்வ் பண்ணுவது. மேக் முகவரி அந்த விவரத் தாளிலேயே இருக்கும்.

"லினக்ஸுக்கு இந்த மாடல் சப்போர்ட் இல்லை, விண்டோஸ் போட்டுத் தரேன், 1,500" என்பது இன்னொரு வலை. பெட்டியில் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் பிரிண்ட் எடுக்கும் ஆப்பிள் வசதி, AirPrint) முத்திரை இருந்தால் பெரும்பாலும் தனி டிரைவரே வேண்டாம். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஓடுவதும் இதே கப்ஸ்தான். சில ஹெச்பி லேசர்களுக்கு மட்டும் ஹெச்பிலிப்போடு (லினக்ஸுக்கான ஹெச்பி பிரிண்டர் மென்பொருள், HPLIP) ஒரு பிளக்இன் (கூடுதல் துணைக் கோப்பு) தேவைப்படும். அது இலவசம், அதற்கும் காசு கேட்கிறார்கள்.

பிரிண்டரை சர்வீஸ் கடைக்கு அனுப்பியே தீரணும் என்றால், சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்க. கழட்டின போர்டைத் திருப்பித் தரணும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்க. நாங்கள் இதைக் கேட்டதும் 3,800 சட்டென்று 1,200 ஆனது.