ஜிம்னிக்கு மலிவான கேரியர்: பட்டறையா, ரெடிமேடா, இரண்டு குறுக்குக் கம்பியா?

வண்டிக் கூரைமேல் சாமான் ஏற்றும் கேரியர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள், முன்னால் எத்தனை விளக்கு மாட்டலாம் என்றும் கேட்கிறார்கள். அதன் எடை என்ன என்று கேட்பவர் அரிது. சுஸுகியின் சிறிய கரட்டுப் பாதை வண்டியான ஜிம்னி வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஜிம்னியின் கூரைக்கு சுஸுகி வைத்திருக்கும் வரம்பு 30 கிலோ. சாமானுக்கு மட்டும் 30 என்று நினைத்துவிடக் கூடாது. கேரியரும் சாமானும் சேர்ந்துதான் 30.

அதுவும் நல்ல சாலைக்கான கணக்கு. கரட்டுப் பாதையில் ஒவ்வொரு குழியிலும் மேலே உள்ள சுமை எழும்பி இறங்கி, கூரையைத் தன் எடைக்கு மேல் அழுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் ரைனோ-ரேக் போன்ற நிறுவனங்கள் ஆஃப்ரோடு ஓட்டத்துக்கு வரம்பை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். 30ஐ ஒன்றரையால் வகுத்தால் 20. முப்பது, இருபது என்ற இந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போனால், அங்கே அடுக்கியிருப்பதில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

பட்டறைக் கேரியரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் ஊரில் ‘மலிவு’ என்றதும் எல்லோரும் போகிற இடம் அது. அம்பாசடர் காலத்திலிருந்து வெல்டிங் பட்டறைகளுக்குக் கேரியர் பழகிய வேலை. ஒரு இஞ்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், 16 கேஜ் (சுமார் 1.6 மில்லிமீட்டர்) தடிமன், சுற்றி இரண்டு அடுக்குத் தடுப்பு, நடுவில் குறுக்குச் சட்டங்கள் என்று சொன்னால் போதும், படம்கூட வேண்டாம். இப்போது எடையைக் கணக்கிடுங்கள். அந்தப் பைப் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 940 கிராம். ஆறடிக்கு நாலடி கூடை என்றால் சுற்றுக்கு மட்டும் 12 மீட்டர் போகும். சட்டம், செங்குத்துத் துண்டு எல்லாம் சேர்த்தால் 22 மீட்டரை எட்டும். பைப் மட்டும் இருபது கிலோவுக்கு மேல். காலும் கிளாம்ப்பும் போல்ட்டும் சேர்ந்தால் 25.

அதாவது நல்ல சாலையில் மேலே வைக்க மிச்சம் ஐந்து கிலோ. கரட்டுப் பாதையிலோ வெறும் கேரியரே வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஒரு தார்ப்பாயைக்கூட மேலே போட இடமில்லாத கேரியரை மலிவு என்று எப்படிச் சொல்வது?

இதனால் பட்டறை வேலையே மோசம் என்று ஆகிவிடாது. பொலிரோ மாதிரி கனமான உடலும் கூரை ஓரத்தில் உறுதியான கட்டரும் (மழைநீர் வடியும் காடி விளிம்பு) உள்ள வண்டிக்கு, கையேட்டில் உள்ள சுமை வரம்பு இடம் கொடுத்தால், நான் பட்டறைக்கே அனுப்புவேன். ஆனால் நின்று பார்த்து வாங்க வேண்டிய வேலை அது. குறுக்குச் சட்டம் சுற்றுப் பைப்பைத் தொடும் இடத்தில் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே மட்டும் அழகாக ஓட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில் இரண்டு பொட்டு வைத்து விட்டிருப்பார்கள்; விரிசல் அங்கேதான் தொடங்கும். பைப் முனைகளை மூடச் சொல்லுங்கள். திறந்த முனையில் மழைநீர் புகுந்து உள்ளிருந்து துருவேறும், ஓடும்போது ஊதவும் செய்யும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் போட்டால் துருப் பிடிக்காது என்று பட்டறைக்காரர் சொன்னால் பாதிதான் உண்மை. வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டி நிற்பதானால் முதல் செங்கறை இணைப்புகளில்தான் எட்டிப்பார்க்கும். பிரைமர் அடித்து, பவுடர் கோட்டிங் செய்தால் கொஞ்சம் கூடுதல் காலம் கிடைக்கும். ரெட் ஆக்சைடும் கறுப்புப் பெயின்ட்டும் ஒன்றிரண்டு மழைக்காலத்துக்குத்தான்.

அடுத்தது ரெடிமேட் கூடை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் இணையத்திலும் ‘ஜிம்னிக்கென்றே செய்தது’ என்று விற்கிறார்கள். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பட்டறைக் கேரியரையே நல்ல பெட்டியில் போட்டு, அழகான கறுப்புப் பூச்சோடு கூடுதல் விலைக்கு விற்பது. எடையும் ஏறக்குறைய அதேதான். இன்னொன்று அலுமினியத் தட்டு. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், சட்டத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினாலும் எடை பாதியளவுக்கு இறங்கும். எது எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் எடை அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடாத பெட்டியாக இருந்தால் கடையிலேயே தராசு கேளுங்கள். எடை சொல்லத் தயங்கும் கடைக்காரர் ‘நூற்றைம்பது கிலோ தாங்கும்’ என்று மட்டும் தயங்காமல் சொல்வார். கேரியர் தாங்கலாம், ஆனால் கூரை தாங்க வேண்டுமே!

ரெடிமேடில் எனக்குப் பிடித்தது அதன் கால்கள். ஜிம்னியின் கூரை ஓரத்தில் பழைய ஜீப்புகளைப் போலவே கட்டர் ஓடுகிறது. ஓட்டை போடாமல் கேரியர் மாட்ட இதைவிட வசதியான வண்டி இன்று குறைவு. நல்ல காலில் கட்டருக்குள் உட்காரும் தகடு அகலமாக இருக்கும், பெயின்ட்டைத் தொடும் இரு பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கும், இறுக்கும் தகடு கட்டரின் உதட்டை முழு நீளத்துக்கும் பிடிக்கும். மட்டமான காலில் ஒற்றை போல்ட்டின் முனை உதட்டை ஒரு புள்ளியில் குத்தி நிற்கும். முதல் குலுக்கலில் பெயின்ட் நசுங்கும், பிறகு மழை, பிறகு துரு. கேரியரின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். கட்டர் துருப்பிடித்தால் பாடி வேலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வழி, கூடையே இல்லாமல் இரண்டு குறுக்குக் கம்பி. தூலே போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் செட் பட்டறை விலையைப் போலப் பல மடங்கு என்பதால் ‘மலிவு’ பட்டியலில் சேராது. ஆனால் இதை வேறு விதமாகவும் செய்யலாம். கட்டரைப் பிடிக்கும் நான்கு நல்ல கால்களை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். கம்பிக்கு, தொழிற்சாலைகளில் மேசையும் சட்டகமும் கட்டப் பயன்படும் 40க்கு 40 மில்லிமீட்டர் அலுமினிய ஸ்லாட் புரொஃபைலை அளவுக்கு வெட்டி வாங்குங்கள். கோவை, சென்னை போன்ற ஊர்களில் இதை வெட்டித் தருபவர்கள் உண்டு. நாலு பக்கமும் காடி ஓடுவதால் போல்ட்டை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி இறுக்கலாம், வெல்டிங்கே வேண்டாம். இரண்டு கம்பிக்கு நான்கு கிலோ, கால்களுக்கு இன்னொரு நான்கு என்று வைத்தால் மொத்தம் எட்டு.

இப்போது ரூபாய்க்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்களுக்குச் சொன்ன விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக்குப் பட்டறைக் கேரியர் 10,000 ரூபாய், கம்பி செட் 15,000 ரூபாய் என்று கொண்டால், முதலாவதில் சாமானுக்கு மிஞ்சுவது 5 கிலோ, இரண்டாவதில் 22 கிலோ. ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் பட்டறையில் 2,000 ரூபாய், கம்பியில் 700 ரூபாய்க்கும் கீழே. ஆஃப்ரோடில் கம்பிக்கு 12 கிலோ மிஞ்சும், பட்டறைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஜிம்னியைப் பொறுத்தவரை என் முடிவு இந்தக் கணக்கில் முடிந்துவிட்டது.

கம்பிக்கும் குறை உண்டு. சில்லறைச் சாமானைக் குவிக்க முடியாது, எல்லாவற்றையும் நீர் புகாத ஒரு பைக்குள் போட்டு ராட்செட் பட்டையால் கட்ட வேண்டும். சதுரக் கம்பி காற்றில் சீழ்க்கை அடிக்கும். முன் கம்பியில் மெல்லிய நைலான் கயிற்றைத் திருகுசுற்றாகச் சுற்றிவிடுங்கள். காற்று ஒரே தாளத்தில் பிரிவது கலைந்து சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவில்லாத வைத்தியம்.

கதவு வழியே பட்டையை விட்டுக் கட்டும் காற்றடைத்த மெத்தை வகையும் இருக்கிறது. கோவளத்துக்கு ஒரு சர்ஃப் பலகையை எடுத்துப் போக அது போதும். மழையில் பட்டை வழியே தண்ணீர் உள்ளே சொட்டும், கரட்டுப் பாதையில் பட்டை தளரும். ஆஃப்ரோடுக்கு அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

பன்னிரண்டு கிலோவில் என்னதான் ஏற்றுவது என்று கேட்கலாம். கூடாரம், பாய், மடக்கு நாற்காலி, மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகை என இடத்தை அடைத்துக்கொண்டு எடை இல்லாதவை. தண்ணீர்க் கேனும் கருவிப் பெட்டியும் வண்டிக்குள், தரையில். எரிபொருள் கேனை மேலே கட்டுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இருபது லிட்டர் பெட்ரோல் மட்டும் சுமார் 15 கிலோ. குறுகலான, உயரமான வண்டியின் உச்சியில் அந்த எடையை ஏற்றிச் சரிவில் குறுக்கே போனால் கவிழ்வதற்கு நாமே உதவி செய்கிறோம். கூரைக் கூடாரம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நின்ற வண்டியில் கூரை அதிக எடை தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடாரத்தை அங்கே வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே. பெரும்பாலானவை ஆளில்லாமலே 40 கிலோவைத் தாண்டும். ஜிம்னிக்கு அது சரிப்படாது.

மஹிந்திராவின் மூன்று கதவு ‘தார்’ வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் ஹார்டு டாப் தகரக் கூரை அல்ல, தனியாகப் பொருத்திய கூட்டுப்பொருள் மூடி. கட்டரும் கிடையாது. சுமையைக் கூரைமேல் வைக்காமல், முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்தும் பின் உடலிலிருந்தும் எழும்பும் கால்களில் இறக்குகிற கேரியர்தான் அதற்குச் சரி. அங்கே பட்டறைக்கு வேலை இருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டு மாட்டித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதில் தலையிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த வடிவிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன் பம்பர் கம்பிகளுக்கு எதிரான 2017 டிசம்பர் சுற்றறிக்கையும் அதே பிரிவைத்தான் காட்டியது. உடலோடு வெல்டிங் செய்த கேரியரைவிட, ஸ்பானர் எடுத்தால் கழன்றுவிடும் கிளாம்ப் கேரியரோடு சோதனைச் சாவடியில் நிற்பது மேல்.

மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். சாதா நட்டுக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடுங்கள், குலுக்கலில் தளராது. வண்டியின் புது உயரத்தையும் நாடா பிடித்து அளந்து வையுங்கள். ஜிம்னி 1.72 மீட்டர், கம்பியும் மேலே ஒரு பையும் சேர்ந்தால் சர்வசாதாரணமாக 2.1 மீட்டரைத் தொடும். வணிக வளாகத்தின் அடித்தள நிறுத்தத்துக்குள் நுழையும் முன் வாசலில் எழுதியிருக்கும் உயரத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.