மெரோபெனத்த பூட்டி வைக்கறதா, குடுத்துட்டு கேள்வி கேக்கறதா?

ஆஸ்பத்திரில ஆன்டிபயாட்டிக் அளவா போகணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மெரோபெனம், கொலிஸ்டின் மாதிரி பெரிய ஆன்டிபயாட்டிக்குக்கு முன்கூட்டியே பர்மிஷன், ஃபார்ம்ல கையெழுத்து இல்லாம பார்மசிய விட்டு ஒரு வயல் கூட வெளிய வராது. இன்னொண்ணு, டாக்டர் முதல்ல ஆரம்பிக்கட்டும்னு விட்டுட்டு 48ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள கல்ச்சர் ரிப்போர்ட்ட (எந்த கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு லேப் சொல்றது) கைல வச்சுக்கிட்டு ஒரு டீம் போய் "இது இன்னும் வேணுமா சார்"னு கேக்கறது.

பூட்டு போட்டா மருந்து செலவாகறது சட்டுனு குறையும், உண்மைதான். ஆனா நைட் ரெண்டு மணிக்கு பிபி இறங்கி ஒருத்தர் வந்தா கையெழுத்துக்கு யார எழுப்பறது? முதல் டோஸ கையெழுத்து இல்லாமலே குடுத்துதான் ஆகணும். அதுவும் போக, "செப்சிஸ்"னு, அதாவது தொற்று முத்தி உயிருக்கே ஆபத்துன்னு, எழுதிட்டா யாரும் நோண்ட மாட்டாங்கன்னு சில பேர் சீக்கிரமே கத்துக்குவாங்க.

ரெண்டாவதுக்கு ஆள் வேணும், பொறுமை வேணும், லேப் லேட் பண்ணுச்சுன்னா மொத்தமும் போச்சு. ஆனா வெறும் மூத்திர எரிச்சலுக்கு மெரோபெனம் ஓடிட்டு இருக்கும், ரிப்போர்ட்ல பாத்தா ஈ.கோலைங்கற கிருமி, நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரைக்கே அடங்கும்னு இருக்கும், அன்னைக்கே ஐவி லைன கழட்டி வீட்டுக்கு அனுப்பலாம், அடுத்த தடவ அந்த டாக்டரே கல்ச்சர் வந்துச்சான்னு கேப்பாரு.

அமெரிக்க தொற்றுநோய் டாக்டர்கள் சங்கமான ஐடிஎஸ்ஏவோட 2016 கைட்லைன் ரெண்டையுமே சரின்னுதான் சொல்லுது. என்ன கேட்டா உலக சுகாதார நிறுவனத்தோட ரிசர்வ் லிஸ்ட்ல (வேற வழி இல்லாதப்போ கடைசியா எடுக்கற மருந்துங்க) இருக்கற கொலிஸ்டின் மாதிரிக்கு மட்டும் பூட்டு, மெரோபெனத்துக்கு மூணாவது நாள் கேள்வி.