கொரிய மொழியில் பெரியவரைப் பாராட்ட எந்தச் சொல்?

அலுவலகத்தில் உங்கள் மேலாளர் ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி முடிக்கிறார். பேச்சு அருமை. அதை அவரிடமே கொரிய மொழியில் சொல்ல வேண்டும். கைவசம் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சட்டென்று நாக்கில் வருவது ‘ஜல்ஹெஸ்ஸொயோ’. நன்றாகச் செய்தீர்கள் என்று பொருள். கடைசியில் ‘யோ’ இருக்கிறதே, மரியாதையாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் கொரியத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளின் நோட்டில் ஆசிரியர் குத்தும் முத்திரையிலும் இதே சொல்தான்: ‘ச்சம் ஜல்ஹெஸ்ஸொயோ’, ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறாய். மதிப்பெண் போடுகிறவரின் குரல் அது. நடுவில் ‘ஷி’ என்ற உயர்வு இடைநிலையைச் சேர்த்து ‘ஜல்ஹாஷ்யொஸ்ஸொயோ’ என்றாலும் தீராது. வினைச்சொல்லுக்கு மரியாதை ஏறும். சின்னவர் பெரியவரை எடைபோடுவது அப்படியே நிற்கும். மாமனாரைப் பார்த்து நாம் ‘சபாஷ்’ என்று சொல்வோமா? அந்தக் கூச்சம்தான் அங்கேயும். தம்பி தங்கைக்கும் மாணவருக்கும் இந்தச் சொல் இனிக்கும். மேலாளருக்கு வேண்டாம்.

அடுத்தது ‘சுகோஹாஷ்யொஸ்ஸும்னிதா’. சிரமம் எடுத்துக்கொண்டீர்கள் என்கிற பொருள். வேலை முடிந்து கிளம்பும்போது கொரிய அலுவலகங்களில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இதில்தான் ஏட்டுக்கும் நடப்புக்கும் இழுபறி. மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தட்டிக்கொடுக்கும் சொல் இது, அதனால் மூத்தவரிடம் தவிர்ப்பது நல்லது என்பது தேசியக் கொரிய மொழி நிறுவனம் சொல்லிவந்த வழிமுறை. நடப்பிலோ இளையவர்கள் மேலதிகாரியிடமே தாராளமாகச் சொல்கிறார்கள், பலர் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ‘கோசெங்ஹாஷ்யொஸ்ஸும்னிதா’ இதன் உடன்பிறப்பு. கஷ்டப்பட்டீர்கள் என்று இன்னும் நேராகவே சொல்கிறது. இதையும் பெரியவரிடம் வேண்டாம் என்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சக ஊழியர்களோடு சேர்ந்து எல்லோருமாகச் சொல்லும்போது இரண்டுமே சரி. வயதான பேராசிரியர் முன் தனியாக நிற்கும்போது நான் எடுக்க மாட்டேன்.

‘தேதான்ஹாஷினேயோ’ எப்படி? அசாத்தியமானவர் நீங்கள் என்று வியப்பது. இதன் அழகு கடைசியில் வரும் ‘நேயோ’வில் இருக்கிறது. இப்போதுதான் கண்டு உணர்ந்தேன் என்கிற தொனியை அது தருகிறது, நம் ‘அட!’ போல. அதனால் தீர்ப்பு சொல்வதுபோல் இல்லாமல் மனசிலிருந்து வந்ததுபோல் ஒலிக்கும். மலையேறி வந்த எழுபது வயதுக்காரரிடம் சொன்னால் முகம் மலரும். ஆனால் ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்துவரும் தொழிலைப் பார்த்து இப்படி வியந்தால், ‘உங்களால் முடியும் என்று நினைக்கவில்லை’ என்கிற நிழல் லேசாக விழலாம்.

என் தேர்வு ‘தொக்புனே மனி பெவொஸ்ஸும்னிதா’. உங்கள் தயவால் நிறையக் கற்றேன். ‘தொக்’ என்றால் நற்பண்பு, அறம். நம் ஊரில் ‘உங்க புண்ணியத்துல’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே இடம். இதில் அவர் எப்படிப் பேசினார் என்ற மதிப்பீடே கிடையாது. எனக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும்தான் இருக்கிறது. பெரியவரை அளக்காமலே பாராட்டியாகிவிடுகிறது. மேலாளரின் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை.

சாப்பாட்டு மேசையிலும் இதே வழி செல்லும். தோழியின் அம்மா சமைத்துப் போட்டால், ‘நன்றாகச் சமைத்தீர்கள்’ என்பதைவிட ‘மஷித்கே மொகொஸ்ஸும்னிதா’, அதாவது ருசித்துச் சாப்பிட்டேன், என்பதே பாந்தம். கூடவே ஒன்று சொல்ல ஆசையா? ‘சோன்மத்’ என்றொரு சொல் இருக்கிறது. ‘சோன்’ கை, ‘மத்’ ருசி. நம் கைமணமேதான். அம்மாவின் சோன்மத் அருமை என்றால், ‘அனியேயோ’, அப்படியெல்லாம் இல்லை என்று கையை ஆட்டி மறுப்பார். மறுத்துக்கொண்டே கிம்ச்சித் தட்டை உங்கள் பக்கம் நகர்த்துவார்.