தோட்டத்து வீட்டுக்கு எந்த டிவி? 14 இன்ச் கறுப்பு வெள்ளைப் போர்ட்டபிள்

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும், ஊரை விட்டுத் தள்ளியிருந்த தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கு டிவி வந்தது எண்பதுகளில்தான். வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் பிள்ளைகள் கூடி உட்கார்ந்தது பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டியின் முன்னால்: ஷட்டர் வைத்த 20 இன்ச் மரப்பெட்டி, 14 இன்ச் போர்ட்டபிள். டயனோரா, சாலிடேர் எல்லாம் சென்னைத் தயாரிப்புகள். மரப்பெட்டிக்குக் கம்பீரம் அதிகம். ஆனால் தோட்டத்துக்குச் சரியானது சின்னதுதான்.

காரணம் கரண்ட். கிணற்றில் 5 எச்.பி. மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கும். படம் சுருங்கி ஓரமெல்லாம் கறுப்பாகும், இன்னும் இறங்கினால் உருள ஆரம்பிக்கும். ஸ்டெபிலைசரும் ஓரளவுக்குத்தான் தாங்கும். 14 இன்ச் பெட்டிகள் பலவற்றில் பின்பக்கம் 12 வோல்ட் சாக்கெட் உண்டு. சுமார் 2 ஆம்பியர் இழுக்கும் பெட்டியை 40 ஏ.எச். (ஆம்பியர்-மணி) கார் பாட்டரியில் போட்டால், பாதி சார்ஜை மிச்சம் வைத்தே பத்து மணி நேரம் பார்க்கலாம். சிவப்பு, கறுப்பு கிளிப்பை மட்டும் மாற்றி மாட்டிவிடக் கூடாது. ஃப்யூஸோடு போனால் நல்ல காலம்.

படத்தின் தெளிவு பெட்டியை விட ஆன்டெனாவின் கையில்தான் இருந்தது. பலர் ஏமாந்ததும் இங்கேதான். 4ஆம் சேனலுக்கு, சிக்னலைப் பிடிக்கும் முக்கியக் கம்பியான டைபோல் சுமார் இரண்டேகால் மீட்டர் நீளம் வேண்டும். 7ஆம் சேனலுக்கு முக்கால் மீட்டர் போதும். சேனலுக்குப் பொருந்தாத ஆன்டெனாவை எத்தனை அடி உயரத்தில் ஏற்றினாலும் புள்ளிமழைதான். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவிக்குப் பின்னால் வைப்பதும் வீண். ஒயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி வைக்க வேண்டும். தட்டை ரிப்பன் ஒயர் மழையில் நனைந்தால் படம் மங்கும், இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டினாலும் அதே கதி. உருண்டையான கோஆக்ஸியல் ஒயர் போட்டால், அதை ஆன்டெனாவோடு பொருத்தும் பாலன் என்ற சின்ன இணைப்பி அவசியம். ஒருவர் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் ஜன்னலில் நின்று "வருது, வருது, போயிருச்சு!" என்று கத்த, படம் நின்ற இடத்தில் கிளாம்பை நன்றாக முடுக்க வேண்டும். இல்லையென்றால் காக்கை உட்கார்ந்தே திருப்பிவிடும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினால் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி கிடைத்தது. 1982இல் தொடங்கிய அந்த ஒளிபரப்பும் இங்கே இருந்த அதே 625 கோட்டு முறைதான். பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்று பழைய பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் பிக்சர் டியூபைப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் வெளிச்சம் ஏறாவிட்டால் வாங்காதீர்கள். டியூபுக்கு மாற்று கிடைப்பது அரிது. உருளும் படம், கரகரக்கும் சேனல் குமிழ் இரண்டையும் பெரும்பாலும் சரி செய்துவிடலாம்: காய்ந்த கண்டென்சரை மாற்றி, சேனல் மாற்றும் ட்யூனரின் முனைகளை கான்டாக்ட் கிளீனரால் துடைக்க வேண்டும். மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனையில்) பத்தாயிரம் வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பழகிய மெக்கானிக்கைக் கொண்டு டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

பழைய அனலாக் ஒளிபரப்பு அநேகமாக நின்றுவிட்டதால் ஆன்டெனாவை மாட்டிப் பயனில்லை. செட்டாப் பாக்ஸின் ஏ.வி. வெளியீட்டை அதை டிவி சேனலாக மாற்றித் தரும் ஆர்.எஃப். மாடுலேட்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். அது பழைய பெட்டிகள் எடுக்கும் வி.எச்.எஃப். சேனலில் தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்; அதைவிட உயர்ந்த அலைவரிசையான யு.எச்.எஃப். மட்டும் தருவது பழைய ட்யூனர்கள் பலவற்றில் எடுக்காது.