பாட்டும் உடைந்த நட்பும்: ஸீனாவா, பஃபியா?

ஃபேன்டசி தொடர்களில் எல்லாரும் பாடும் எபிசோட் என்றதும் எனக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும். போர்வீராங்கனை ஒருத்தியின் கதையான ‘ஸீனா’ தொடரில் 1998-இல் வந்த ‘தி பிட்டர் சூட்’ ஒன்று. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான ‘பஃபி’யில் 2001-இல் வந்த ‘ஒன்ஸ் மோர், வித் ஃபீலிங்’ இன்னொன்று.

ஸீனாவில் நட்பு முன்பே செத்துக் கிடக்கிறது. ஸீனாவின் உயிர்த்தோழி கேப்ரியல். அவளுடைய மகள், ஸீனாவின் மகனைக் கொன்றுவிட்டாள். ஆத்திரத்தில் ஸீனா தோழியைக் குதிரையில் கட்டித் தரதரவென்று இழுத்துப் போகிறாள். பார்க்கவே முடியாத காட்சி அது. அப்புறம் இருவரும் கடலில் விழுந்து, ஜோசியம் பார்க்கும் டாரட் சீட்டுகள் உயிர்பெற்றது போன்ற இலூசியா என்ற மாய உலகில் கண்விழிக்கிறார்கள். பாடிப் பாடித்தான் பகை கரைகிறது. ஜோசப் லோடூகாவின் இசை பிரமாதம். ஆனால் அவ்வளவு பெரிய காயம் ஒரே எபிசோடில் ஆறுவதை என்னால் நம்ப முடியவில்லை.

பஃபியின் கதை நேர்மாறு. இறந்துபோன பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் மீட்டுவிட்டார்கள், நரகத்திலிருந்து காப்பாற்றிய நினைப்பில். அரக்கன் ஒருவன் ஊரையே பாட வைக்க, தான் இருந்தது சொர்க்கத்தில் என்பது அவள் பாட்டில் வெளிவந்துவிடுகிறது. கேட்டு நிற்கும், அவளை மீட்ட தோழி வில்லோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாட்டு இங்கே எதையும் ஆற்றுவதில்லை, மறைத்ததைக் கக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

குரல்? பஃபி நடிகர்கள் தாங்களே பாடினார்கள், சிலர் சுமாராகத்தான். ஸீனாவாக வரும் லூசி லாலெஸ் சொந்தக் குரலில் அசத்துகிறார். கேப்ரியலுக்குப் பாடியது வேறொருவர்.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், பஃபி.