என்விஆர் (கேமரா வீடியோவை பதிவு பண்ற பெட்டி) ஸ்ட்ரீமிங் செட்டிங்னு சொல்லி 12,000 வாங்கிட்டு ரெக்கார்டிங்கையே கெடுத்துட்டானுங்க, ஆப்ல ஆள் புக் பண்றவங்க படிங்க

இப்பதான் கஸ்டமர் கேர் சாட்ல இருந்து வரேன், பேசிட்டு இருக்கும்போதே டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. கோவத்துல கை நடுங்குது. மொத்தம் 12,000. ஆப் பேர் சொல்லல, வீட்டு ரிப்பேர்ல இருந்து கேமரா செட்டப் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆள் அனுப்புற டைப் ஆப், அவ்வளவுதான். நடந்ததை சொல்லிட்டு கடைசில என்னென்ன செக் பண்ணணும்னு விவரமா எழுதுறேன்.

வீட்ல எட்டு கேமரா, ஒரு என்விஆர், 2 டிபி ஹார்ட் டிஸ்க். எல்லாமே நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஒரே பிரச்சனை, வெளிய இருந்து போன்ல பாத்தா வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும். அதுக்குத்தான் ஆள் புக் பண்ணேன். வந்த பையன் ரொம்ப மரியாதையா பேசினான், ஷூவை கழட்டிட்டு உள்ள வந்தான், மெனுவை தொறந்து ஒவ்வொண்ணா காட்டி "அண்ணா, உங்க அப்லோடு ஸ்பீடு 10 எம்பிபிஎஸ் தான், ஒவ்வொரு கேமராவும் 4 எம்பிபிஎஸ் அனுப்புது, எட்டும் சேந்தா 32 ஆகுது, எப்படிண்ணா போகும்?"னு கேட்டான். கணக்கு சரியாத்தானே இருக்கு. அந்த இடத்துலதான் முழுசா நம்பினேன். விஷயம் தெரிஞ்ச ஆள்னு நெனச்சு அட்மின் பாஸ்வேர்டை குடுத்தேன்.

அப்புறம் ஆரம்பிச்சான். ஆர்டிஎஸ்பி (கேமரா வீடியோவை நெட்வொர்க்ல அனுப்புற முறை) ஸ்ட்ரீமிங்குக்கு லைசென்ஸ் வாங்கணும்ணா, வருஷத்துக்கு ஒரு தடவைதான், செட்டிங்கோட சேத்து 12,000 ஆகும், ஆப்லயே கட்டிடலாம்னு சொன்னான். கட்டினேன். அரை மணி நேரத்துல எட்டு கேமராவும் போன்ல தடங்கலே இல்லாம ஓடுச்சு, "இன்னொரு நல்ல விஷயம்ண்ணா, ஆறு நாள்தான் நின்ன ரெக்கார்டிங் இனிமே மூணு மாசம் வரைக்கும் நிக்கும்"னு வேற சொன்னான். சந்தோஷமா ஓடிபி குடுத்து அனுப்பினேன்.

போன வாரம் வாசல்ல நிறுத்தியிருந்த சைக்கிளை ஒருத்தன் தூக்கிட்டு போயிட்டான். பிள்ளை அழுதுட்டு வந்து நிக்குது, ரெக்கார்டிங்கை போட்டு பாத்தா மூஞ்சியே இல்ல, சாம்பல் கலர்ல ஒரு கறை நகர்ந்து போகுது. ஜூம் பண்ணா கட்டம் கட்டமா உடையுது. கேட்டுக்கு நேர் மேல இருக்குற 4 மெகாபிக்சல் கேமராங்க அது!

செட்டிங்குக்குள்ள போய் பாத்தப்பதான் வயிறு எரிஞ்சுது. என்விஆர்ல ஒவ்வொரு கேமராவுக்கும் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம்னு ரெண்டு இருக்கும். ஹார்ட் டிஸ்க்ல பதிவாகுறது மெயின் ஸ்ட்ரீம். போன்ல, வெளிய இருந்து பாக்குறதுக்குன்னு குறைச்ச சைஸ்ல இருக்குறதுதான் சப் ஸ்ட்ரீம். போன் ஆப்ல சப் ஸ்ட்ரீமுக்கு மாத்தினாலே தடங்கல் தீந்திருக்கும், ரெண்டு நிமிஷ வேலை, காசே இல்லாத வேலை. இந்த ஆள் என்ன பண்ணியிருக்கான்னா மெயின் ஸ்ட்ரீமையே 2560×1440ல இருந்து 352×288க்கு இறக்கி, பிட்ரேட்டை (ஒரு செகண்டுக்கு போற டேட்டா அளவு) 4096 கேபிபிஎஸ்ல இருந்து 256 ஆக்கி வெச்சிருக்கான். எட்டு கேமராவுக்கும். ரெக்கார்டிங் மூணு மாசம் நிக்கும்னு சொன்னான்ல, அது இப்படித்தான் வந்துச்சு. போன்ல எட்டு கட்டமா சின்னச் சின்னதா பாக்கும்போது வித்தியாசமே தெரியாது, அதை தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்.

லைசென்ஸ்? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. ஆர்டிஎஸ்பி 1998லயே வந்த பொது ஸ்டாண்டர்டு, என்விஆர் வாங்கும்போதே அதுக்குள்ள இருக்கு, தனியா யாருக்கும் வருஷா வருஷம் காசு கட்ட வேண்டியதில்ல. இல்லாத ஒண்ணுக்கு 12,000.

இதோட நிக்கல. ரவுட்டர்ல 554, 80 ரெண்டு போர்ட்டையும் (என்விஆர் வீடியோவுக்கும் செட்டிங் பக்கத்துக்கும் போற வழி) இன்டர்நெட்ல இருந்து வர்ற மாதிரி வெளிய தொறந்து விட்டிருக்கான், என்விஆர் யூசர் லிஸ்ட்ல நான் போடாத இன்னொரு பேர், அதுவும் அட்மின் உரிமையோட. வீட்டுக்குள்ளயும் ரெண்டு கேமரா இருக்கு. பொம்பளைங்க, குழந்தைங்க நடமாடுற வீடு. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் இப்படி வெளிய தொறந்து கிடந்த, டிஃபால்ட் பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் ரெக்கார்டரையும்தான் லட்சக்கணக்குல புடிச்சு பெரிய பெரிய சைட்டை எல்லாம் முடக்குச்சு. இதெல்லாம் இந்த தொழில்ல இருக்குறவனுக்கு தெரியாதா?

கஸ்டமர் கேர்ல கேட்டா "சார், டெக்னீஷியன் கிட்டயே பேசுங்க"ங்குறாங்க. அவன்கிட்ட பேசினா "லென்ஸ் பழசாயிருக்கும்ணா"ங்குறான், செட்டிங் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினதும் நம்பரை ப்ளாக் பண்ணிட்டான். மறுபடி ஆப்ல போனா "நீங்க ஓடிபி குடுத்து வேலை முடிஞ்சதா ஒத்துக்கிட்டீங்க சார்", அடுத்த ஆள் "டிஜிட்டல் லைசென்ஸுக்கு ரீஃபண்ட் கிடையாது சார்". எந்த லைசென்ஸ், நம்பர் குடுங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. ரிவ்யூ போட்டேன், விதிமுறைக்கு எதிரா இருக்குன்னு தூக்கிட்டாங்க. என் 12,000 எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், "உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வருது.

விவரமா எழுதணும்னுதான் நெனச்சேன், இப்ப முடியல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். யாராவது வந்து செட்டிங் பண்ணிட்டு போனா லைவை மட்டும் பாக்காதீங்க, ரெக்கார்டிங்கை ப்ளேபேக் போட்டு ஜூம் பண்ணி பாத்துட்டு அப்புறம் ஓடிபி குடுங்க. மெயின் ஸ்ட்ரீம்ல கைய வைக்க விடாதீங்க. ஸ்ட்ரீமிங் லைசென்ஸ்னு வாயைத் தொறந்தாலே வெளிய அனுப்பிடுங்க. ஆள் போனதும் பாஸ்வேர்டை மாத்துங்க, யூசர் லிஸ்ட்ல தெரியாத பேர் இருந்தா தூக்குங்க, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்க. ஆப்ல சாட் பண்ணா அப்பப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, டிக்கெட் க்ளோஸ் ஆனதும் பழைய மெசேஜ் எதுவுமே இருக்காது, எனக்கு இப்ப ஒண்ணு கூட இல்ல.